புகையை எதிர்த்த மன்னர்

இங்கிலாந்து மன்னர் ஒருவர், புகையிலையை எதிர்த்துப் புத்தகம் எழுதினார். அவர்தான் முதலாம் ஜேம்ஸ்.

1566-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி, ஸ்காட்லாந்து நாட்டில் எடின்பரோ கோட்டையில் ஜேம்ஸ் பிறந்தார். தாயார், ஸ்காட்லாந்து ராணி மேரி. பிரபுக்கள் கலகம் செய்து மேரியைப் பதவியில் இருந்து இறக்கினார்கள். 13 மாதக் குழந்தையான ஜேம்சுக்கு முடி சூட்டினார்கள். அதன் பிறகு தாயின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

1603-ல் இங்கிலாந்து ராணி எலிசபெத் பிள்ளை இல்லாமல் இறந்தார். உறவினரான ஜேம்ஸ், இங்கிலாந்துக்கும் மன்னர் ஆனார்.

புகையிலை மோகம்

அப்போது லண்டனில் புகையிலை மோகம் பரவி இருந்தது. அமெரிக்காவில் இருந்து வந்த இலை அது. எல்லா நோய்க்கும் அது மருந்து என்று பலர் நம்பினார்கள். சாப்பாட்டு மேஜையில்கூட குழாயில் புகை ஊதினார்கள்.

மன்னருக்கு இது பிடிக்கவில்லை. 1604-ல், தம் பெயரைப் போடாமல் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். புகை கண்ணுக்கு அருவருப்பு, மூளைக்கும் நுரையீரலுக்கும் கெடுதல் என்று அதில் எச்சரித்தார்.

பக்கத்தில் இருப்பவர்கள் படும் பாட்டையும் அவர் மறக்கவில்லை. ஒருவர் விடும் புகை, அடுத்தவர் சாப்பாட்டின் மீது படிகிறது. கணவன் புகைத்தால் மனைவி என்ன செய்வாள்? அவளும் புகைக்க வேண்டும். அல்லது காலமெல்லாம் அந்த நாற்றத்தில் தவிக்க வேண்டும். இது பெரிய கொடுமை என்று மன்னர் கண்டித்தார்.

வரி வந்தது

அதே ஆண்டில் புகையிலைக்கு வரியை உயர்த்தினார். ஒரு பவுண்டு எடைக்கு 2 பென்சாக இருந்த வரி, 6 ஷில்லிங் 10 பென்ஸ் ஆயிற்று. அதாவது 41 மடங்கு!

ஆனாலும் புகை ஓயவில்லை. 1607-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஆங்கிலேயர்கள் குடியேறினார்கள். தங்கள் ஊருக்கு மன்னர் பெயரையே சூட்டி, ஜேம்ஸ்டவுன் என்று அழைத்தார்கள். 1612-ல் ஜான் ரால்ப் என்பவர் அங்கே புகையிலை பயிரிட்டார். அமோக விளைச்சல்! அந்தக் குடியேற்றமே புகையிலையால் பிழைத்தது.

கஜானாவுக்கும் பணம் வந்தது. 1624-ல் புகையிலை வியாபாரம் மன்னரின் ஏகபோகம் ஆயிற்று. எதை வெறுத்தாரோ, அதிலேயே வருமானம்! 1625 மார்ச் 27-ந் தேதி ஜேம்ஸ் காலமானார்.

விஞ்ஞானம் சொன்ன சாட்சி

மன்னர் இரக்கப்பட்ட மனைவிமார்களுக்கு, 377 ஆண்டுகள் கழித்து விஞ்ஞானம் சாட்சி சொன்னது. ஜப்பான் நாட்டு டாக்டர் ஹிராயாமா, புகைக்காத மனைவிமார் 91,540 பேரை 14 ஆண்டுகள் கவனித்து, 1981-ல் முடிவை வெளியிட்டார். கணவன் அதிகமாகப் புகைத்த வீட்டில், மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம்!

அதன் பிறகு பல நாடுகள் விழித்துக்கொண்டன. இந்தியாவில் 2008 அக்டோபர் 2-ந் தேதி முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை. பஸ் நிறுத்தமும், ரெயில் நிலையமும், விளையாட்டு மைதானமும் இதில் அடங்கும். 2011-ல் நியூயார்க் நகரம், பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் புகைக்கத் தடை விதித்தது.

வெட்டவெளியில் காற்று புகையைக் கலைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால், அது கலைவதற்குள் பக்கத்தில் நிற்கும் தாயும், இடுப்பில் உள்ள குழந்தையும் அதைச் சுவாசித்துவிடுகிறார்கள்.