செப்பலாவும் டோகோவும்

அலாஸ்காவின் மேற்குக் கரையில் நோம் என்னும் சிற்றூர் உள்ளது. குளிர்காலத்தில் அங்குக் கடலே உறைந்துவிடும். கப்பல்கள் வர இயலாது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு, அந்த மாதங்களில் அஞ்சலும் மருந்தும் நாய்கள் இழுத்து வரும் சறுக்குவண்டிகளில்தான் வந்து சேர்ந்தன. அவ்வூர் மக்கள் மிகவும் விரும்பிய விளையாட்டும் நாய்வண்டிப் பந்தயமே.

1908ஆம் ஆண்டில் அங்கு ஒரு நெடுந்தூரப் பந்தயம் தொடங்கப்பட்டது. நோமிலிருந்து கேண்டில் என்னும் ஊருக்குச் சென்று மீண்டும் நோமுக்கே திரும்ப வேண்டும். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 650 கிலோமீட்டர். வண்டிகள் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே கண்ணுக்கு மறைந்துவிடும். திரும்பி வர மூன்று நான்கு நாள்கள் ஆகும். அப்படியானால் ரசிகர்கள் பந்தயத்தை எப்படிப் பின்தொடர்ந்தார்கள்? பாதையை ஒட்டித் தொலைபேசிக் கம்பி சென்றது. எந்த வண்டி எந்த இடத்தைக் கடந்தது என்ற செய்தி அதன்வழி நோமை வந்தடையும். மக்கள் கூடி நின்று அச்செய்திக்காகக் காத்திருப்பார்கள். பணயம் கட்டியவர்களுக்கு உறக்கமே வராது! இந்த ரசிகர்களின் பெரும் அன்பைப் பெற்றவர் லியோன்ஹார்ட் செப்பலா.

செப்பலா 1877ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் வடகோடியில் பிறந்தார். தந்தையார் மீனவர், கொல்லு வேலையும் தெரிந்தவர். செப்பலா இரண்டு தொழில்களையும் கற்றார். நோமில் தங்கம் கண்டெடுத்த தம் நண்பரின் அழைப்பை ஏற்று, 1900ஆம் ஆண்டில் அலாஸ்காவுக்குச் சென்றார். தங்கம் அவரைச் செல்வராக்கவில்லை. ஆனால், சுரங்க நிறுவனத்திற்காகச் சறுக்குவண்டி ஓட்டும் வேலை அவருக்குக் கிடைத்தது. உருவத்தில் சிறியவரான அவர், அவ்வேலையில் வெகுவிரைவில் தேர்ச்சி பெற்றார்.

1913ஆம் ஆண்டில் சைபீரிய நாய்க்குட்டிகள் சில நோமுக்குக் கொண்டுவரப்பட்டன. தென்துருவத்தை முதலில் அடைந்த அமுண்ட்சன், அடுத்து வடதுருவப் பயணம் மேற்கொள்ளத் திட்டமிட்டிருந்தார். அவருக்காகவே அக்குட்டிகள் வாங்கப்பட்டன. அப்பயணம் கைவிடப்பட்டதால் அவை செப்பலாவின் வசமாயின. அலாஸ்கா நாய்களைவிட அவை உருவத்தில் சிறியவை. அவற்றைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர்.

1914ஆம் ஆண்டில் செப்பலா அந்த நாய்களுடன் முதன்முறையாக நெடும்பந்தயத்தில் கலந்துகொண்டார். பனிப்புயலில் வழி தவறியது. கடலை நோக்கிய செங்குத்தான பாறை விளிம்புவரை வண்டி சென்றுவிட்டது. அரும்பாடுபட்டு அவர் நாய்களை மீட்டார். எனினும், அவற்றின் பாதங்கள் கிழிந்து குருதி கசிந்தது. சில நாய்கள் கடுங்குளிரால் துன்புற்றன. செப்பலா பந்தயத்தைவிட்டு விலகினார். தம்மை நம்பி ஓடிய விலங்குகளை வருத்திவிட்டோமே என்ற எண்ணம் அவரை நெடுநாள் வாட்டியது. ஓராண்டு முழுவதும் அமைதியாகப் பயிற்சி அளித்தார். பின்னர் 1915, 1916, 1917 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவரே வெற்றி பெற்றார். சிரித்தவர்களே கைதட்டினார்கள்.

அவருடைய நாய்களுள் டோகோவின் கதை தனியானது. ஜப்பானியக் கடற்படைத் தலைவர் ஒருவரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. குட்டியாக இருந்தபோது அது நோயுற்றிருந்தது, குறும்பும் மிகுதி. இது பயன்படாது என்று எண்ணிய செப்பலா அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். டோகோ சன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியேறி, அவரிடமே திரும்பி ஓடி வந்தது! எட்டு மாத வயதில், அழைக்காமலேயே வண்டியின் பின்னால் ஓடி வந்தது. வேறு வழியின்றி அதை வண்டியில் பூட்டினார். முதல் நாளிலேயே அது 120 கிலோமீட்டர் ஓடியது. பிற்காலத்தில் அதுவே அவருடைய தலைமை நாயாயிற்று.

1925ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் நோம் நகரில் தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியா நோய் பரவியது. குழந்தைகள் இறந்தனர். செப்பலாவின் ஒரே மகளும் அவ்வூரில்தான் இருந்தாள். தேவையான மருந்து ஆங்கரேஜ் நகரில் இருந்தது. இரயில் அதை நெனானாவரை மட்டுமே கொண்டுவர முடிந்தது. எஞ்சிய 1,085 கிலோமீட்டரை நாய்வண்டிகள் கடக்க வேண்டும். இருபது ஓட்டுநர்கள் மருந்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்தனர்.

செப்பலா அதை எதிர்கொண்டு பெறுவதற்காக நோமிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 270 கிலோமீட்டர் சென்றார். எதிரே வந்தவரிடமிருந்து மருந்தைப் பெற்று, அப்படியே வண்டியைத் திருப்பினார். உறைந்த கடலின் மீது, சூறைக்காற்றில், இருளில் அவர் பயணம் செய்தார். காலடியில் இருந்த பனி எந்நேரமும் உடையக்கூடும். வழியறியும் பொறுப்பைப் பன்னிரண்டு வயது டோகோவிடமே அவர் விட்டுவிட்டார். மருந்துடன் மட்டும் அவர் 146 கிலோமீட்டர் கடந்தார். மற்ற ஓட்டுநர்களுள் எவரும் அவ்வளவு தொலைவு ஓட்டவில்லை.

பிப்ரவரி 2ஆம் நாள் விடியும் முன்னர் மருந்தை நோமுக்குள் கொண்டுவந்தவர் கன்னார் காசன். அவருடைய தலைமை நாய் பால்டோ. அதுவும் செப்பலா வளர்த்த நாய்தான்! வானொலியிலும் நாளிதழ்களிலும் பயணத்தைப் பின்தொடர்ந்த மக்கள், இறுதியில் வந்த நாயையே கொண்டாடினார்கள். அவ்வாண்டின் இறுதியிலேயே நியூயார்க் பூங்காவில் பால்டோவிற்குச் சிலை எழுந்தது. காசனும் கடும்புயலைத் தாண்டியே வந்தார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், டோகோவைப் பலர் அறியவே இல்லை என்பது செப்பலாவின் மனத்தைப் புண்படுத்தியது.

அடுத்த ஆண்டு அவர் டோகோவை அழைத்துக்கொண்டு அமெரிக்கப் பெருநகரங்களுக்குச் சென்றார். நியூயார்க்கில் திரண்டிருந்த கூட்டத்தின் முன்னிலையில் டோகோவிற்குத் தங்கப்பதக்கம் அணிவித்தவர் யார் தெரியுமா? அதே அமுண்ட்சன்தான். டோகோ 1929ஆம் ஆண்டில் இறந்தது. செப்பலா தொடர்ந்து ஓட்டினார். 1932ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக்கில் நாய்வண்டிப் பந்தயம் காட்சிப் போட்டியாக நடைபெற்றது. அதில் இரண்டாம் இடம் பெற்றபோது அவருக்கு வயது 54.

1967ஆம் ஆண்டில், 89ஆம் வயதில் அவர் சியாட்டல் நகரில் காலமானார். அவருடைய சாம்பல் அலாஸ்காவின் இடிடரோட் பாதையில் தூவப்பட்டது. 1973ஆம் ஆண்டுமுதல் அப்பாதையில் ஆண்டுதோறும் நோமை நோக்கி நெடும்பந்தயம் நடைபெறுகிறது. இன்றைய ரசிகர்களுக்குத் தொலைபேசிக் கம்பி தேவையில்லை. வண்டிகளின் நகர்வைக் கணினித் திரையில், வரைபடத்தில் ஊரும் புள்ளிகளாகப் பார்க்கிறார்கள். அப்பந்தயத்தில் செப்பலாவின் பெயரால் ஒரு விருதும் உண்டு. நன்றாகப் போட்டியிட்டபடியே, தம் நாய்களைச் சிறப்பாகப் பேணிய ஓட்டுநருக்கு அது வழங்கப்படுகிறது. வழிநெடுக நாய்களைச் சோதித்துப் பார்க்கும் கால்நடை மருத்துவர்களே அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.