கல்லடி உப்போடையில் ஒரு துறவி

நமது பாடசாலையில் படித்தவர்களுக்குச் சுவாமி விபுலாநந்தரைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆடி மாதம் வந்தால் அவரது படத்துக்கு மாலை கட்டுவோம். முத்தமிழ் வித்தகர் என்று தொடங்கும் பேச்சை மேடையில் ஒருத்தி மூச்சு விடாமல் ஒப்புவிப்பாள். நான் ஏழாம் வகுப்பில் இருந்த வருடம் அந்த ஒருத்தி நான்தான். மதங்க சூளாமணி, யாழ் நூல், முதல் தமிழ்ப் பேராசிரியர் என்று எல்லாவற்றையும் வரிசை பிசகாமல் சொன்னேன். பேராசிரியராக இருந்தபோது மாலை நேரங்களில் அவர் எங்கே போனார் என்பது அந்தப் பேச்சில் இருக்கவில்லை. வைத்தியராகிப் பல வருடங்களுக்குப் பிறகுதான் அதை வாசித்து அறிந்தேன். மலர்க்குழுவினர் அவரைப் பற்றி எழுதும்படி கேட்டபோது, அன்று விடுபட்டதை இப்போது எழுதலாம் என்று சம்மதித்தேன்.

காரைதீவில் 1892 ஆம் ஆண்டு சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார். பிள்ளைப் பெயர் மயில்வாகனம். காரைதீவு இன்று அம்பாறை மாவட்டத்தில் இருக்கிறது. அன்று அது மட்டக்களப்போடு சேர்ந்த ஊர். வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர், இரண்டும் முஸ்லிம் ஊர்கள். தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும் அந்தக் கரையில் இரு சாராருமே தாய்வழியாகக் குடி பார்ப்பவர்கள். வெளிநாட்டில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். குடி பார்ப்பதில் உறவும் இருந்தது, கோயில் முறைகளில் யாருக்கு முதலிடம் என்ற ஏற்றத்தாழ்வும் இருந்தது. மயில்வாகனம் இரண்டையும் பார்த்து வளர்ந்திருப்பார்.

கல்முனையில் மெதடிஸ்த மிஷனாரின் பாடசாலையிலும், பிறகு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார். அங்கே கணிதத்தை ஊட்டியவர் இயேசு சபைக் குருவான பொனல் அடிகள் என்ற பிரெஞ்சுக்காரர். 16 வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் சித்தி. பிறகு அதே கல்லூரியில் ஆசிரியர், கொழும்பில் ஆசிரியப் பயிற்சி, தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர். இடையில் 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக பி.எஸ்ஸி. அதே ஆண்டு மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபர். சைவப் பிள்ளை மெதடிஸ்தரிடம் எழுத்துப் படித்து, கத்தோலிக்கரிடம் கணிதம் படித்து, கத்தோலிக்கக் கல்லூரிகளிலேயே படிப்பித்துவிட்டு இந்துக் கல்லூரிக்கு அதிபரானார். பல்லினக் கல்வி என்று நாம் இப்போது செயலமர்வு வைத்துப் பேசுவது அவருக்கு நடந்து வந்த பாதையாகவே இருந்தது.

1922 இல் அதிபர் பதவியை விட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924 இல் சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்று விபுலாநந்தர் ஆனார். ஊர் திரும்பியதும் மிஷன் பாடசாலைகளைக் கொண்டு நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு என்று அலைந்த காலம் அது. அவர் பிறந்த காரைதீவில் இன்றும் இ.கி.மி. பெண்கள் பாடசாலை இருக்கிறது. பழைய மாணவிகள் மலரில் அதைக் குறிப்பிடாமல் விட முடியாது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே கல்லடி உப்போடையில் 1929 இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கித் தம் குருவின் பெயரை அதற்கு வைத்தார். ஆதரவற்ற சிறுவர்கள் தங்கிப் படிக்கும் இல்லமும் அதோடு சேர்ந்தது.

அந்த வருடத்தைக் கவனியுங்கள். அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சமமாக இருத்த வேண்டும் என்ற உத்தரவு வந்ததும் அந்தக் காலத்தில்தான். அதுவரை சில பிள்ளைகள் நிலத்திலோ வகுப்புக்கு வெளியிலோ இருந்து படித்தார்கள். உத்தரவைப் பொறுக்க மாட்டாமல் யாழ்ப்பாணத்தில் பாடசாலைகளுக்கு நெருப்பு வைத்தவர்களும் உண்டு. வாங்கில் இடம் கொடுப்பதே பெரும் சண்டையாக இருந்த நாட்டில், ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கிப் படிக்கும் இல்லம் நடத்துவது எவ்வளவு வேலை என்று யோசித்துப் பார்க்கலாம். வாங்கில் பக்கத்தில் இருப்பதை வீட்டார் பொறுத்துக்கொண்டாலும் பந்தியில் பக்கத்தில் இருப்பதை இலகுவில் பொறுக்க மாட்டார்கள்.

1931 இல் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. பல்கலைக்கழகம் தொடங்கி அப்போது இரண்டே வருடம். பாரதியார் இறந்து பத்து வருடமாகியும் அவரைப் புலவராக ஏற்கப் பண்டிதர்கள் தயங்கிய நாட்களில், அடிகளார் அங்கே பாரதி கழகம் அமைத்து மாணவர்களைப் பாடவும் பேசவும் வைத்தார். வளாகத்தில் நடந்த விழா அது. பெயரும் புகழும் கிடைத்தது.

பொழுது சாயும் வேளையில் அவர் செய்த வேலைக்கு மேடை இல்லை. பல்கலைக்கழகத்தை ஒட்டி திருவேட்களம் என்றொரு ஊர். அங்கே தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பு இருந்தது. பேராசிரியர் வகுப்பை முடித்துக்கொண்டு அந்தக் குடியிருப்புக்குப் போய் அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். பகலில் சிலப்பதிகாரம், மாலையில் அரிச்சுவடி. சாதி ஆசாரம் இறுகிப் போயிருந்த சிதம்பரத்தின் அயலில், காவி உடுத்த ஒருவர், அதுவும் பல்கலைக்கழகப் பேராசிரியர், சேரிக்குள் போய் உட்காருவது சிறிய காரியம் இல்லை. என் ஏழாம் வகுப்புப் பேச்சில் இல்லாதது இதுதான். பேச்சை எழுதித் தந்த ரீச்சரில் எனக்குக் குறை கிடையாது. அவருக்கு எழுதிக் கொடுத்தவர்களும் விட்டுத்தான் இருப்பார்கள்.

1933 இல் அங்கிருந்து விலகினார். வைத்தியராகிய எனக்கு அடுத்து வந்த வேலை ஒன்று இன்னும் நெருக்கமானது. விஞ்ஞானத்தைத் தமிழில் படிப்பிக்கச் சொற்கள் வேண்டும் என்று சென்னையில் 1936 இல் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். விஞ்ஞானப் பட்டதாரியும் தமிழ்ப் பண்டிதரும் ஒரே ஆளில் கிடைப்பது அன்று அரிது. ஆங்கிலம் தெரிந்தவனுக்கு மட்டுமே விஞ்ஞானம் என்று இருந்தால் அதுவும் ஒரு சாதிதான். கிளினிக்கில் படுவான்கரைத் தாய் ஒருவருக்கு அவருடைய சிறுநீரகத்தில் என்ன நடக்கிறது என்று தமிழில் விளக்கி, அவர் விளங்கித் தலையாட்டும்போது, அந்தச் சொற்களுக்காகக் கூடி இருந்து வேலை செய்தவர்களை நினைப்பதுண்டு.

பிறகு இமயமலையில் மாயாவதி ஆசிரமத்தில் பிரபுத்த பாரத என்ற ஆங்கில இதழுக்கு ஆசிரியராக இருந்துவிட்டு ஊர் திரும்பினார். 1942 இல் யுத்தகால உணவு நெருக்கடியின்போது ஏ. எம். ஏ. அஸீஸ் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். பிறந்தது யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில். படித்தவை வைத்தீஸ்வர வித்தியாலயமும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும். துறவியும் அதிகாரியும் நண்பர்கள் ஆனார்கள். முஸ்லிம் பிள்ளைகள் கல்வியில் பின்தங்கியிருப்பதை எப்படி நிமிர்த்துவது என்ற கவலை அஸீஸுக்கு இருந்தது. கல்முனையில் இருந்த காலத்திலேயே முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்றை அமைத்தார். 1945 இல் கொழும்பில் வறிய முஸ்லிம் மாணவருக்கான புலமைப்பரிசில் நிதியைத் தொடங்கினார். அடிகளாரின் நட்பு தமக்கு ஊக்கம் தந்ததை அஸீஸ் பின்னாளில் நன்றியோடு எழுதியிருக்கிறார்.

இதை முதன்முதலில் வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. 1990 வரை என் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் காத்தான்குடிப் பிள்ளை. அவளுடைய வட்டிலப்பமும் என் வீட்டுப் பாலப்பமும் இடைவேளையில் கை மாறும். அந்த வருடம் நடந்தவை எல்லாருக்கும் தெரியும்; இரு பக்கமும் இழவு விழுந்தது. அவள் பாடசாலைக்கு வரவில்லை. அவளோடு வந்துபோன மற்றவர்களும் வரவில்லை. அடுத்த ஆடியில் நாங்கள் வழமைபோல மாலை கட்டினோம். கலாசார தினத்தில் முஸ்லிம் மணமகள் வேடத்துக்குத் தமிழ்ப் பிள்ளை ஒருத்திக்கு முக்காடு போட்டுவிட்டார்கள். எங்களுக்கு அது விநோதமாகக்கூடத் தோன்றவில்லை.

1943 இல் அடிகளார் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். ஏறத்தாழ 14 வருட ஆராய்ச்சியில் யாழ் நூல் முடிந்தது. பழந்தமிழரின் யாழ்களைக் கணக்குப் போட்டு மீட்டெடுத்த அந்தப் பெரிய நூலைப் பற்றி எழுத இசை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் கை வைக்கவில்லை. நமது வாவியில் நிலாக் காலத்தில் கேட்கும் இசையை நீரரமகளிர் பாடலாக அதில் அவர் வைத்திருப்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கல்லடிப் பாலத்தடியில் தோணியில் இருந்து, துடுப்பைத் தண்ணீரில் விட்டுக் காதை அதில் வைத்துக் கேட்டவர்களுக்கு அது புரியும்.

1947 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. உடல் நலிந்திருந்த நிலையிலும் போய் நின்றார். ஆறு வாரம் கழித்து, ஜூலை 19 ஆம் திகதி, கொழும்பில் காலமானார். வயது 55. உடலை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்தார்கள். சமாதியில் பொறித்திருப்பது அவருடைய பாடலேதான்.

சென்ற வருடம் நானும் என் வாங்குத் தோழியும் அங்கே போயிருந்தோம். அவள் இப்போது ஆசிரியை. மகளைக் கூட்டிக்கொண்டு என் கிளினிக்குக்கு வந்தவளை 30 வருடத்துக்கு மேலாகியும் குரலை வைத்தே பிடித்துவிட்டேன். நூற்றாண்டு விழாவுக்கு வா என்றேன். தன் பெயர் பழைய மாணவிகள் பதிவேட்டில் இருக்காதே என்றாள். போய்ப் பார்த்தேன். இடையில் விலகியவர்கள் எவர் பெயரும் அதில் இல்லை. செயற்குழுவில் பேசி, 1990 இல் வராமற்போனவர்களுக்கென்று பதிவேட்டில் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். இதுவரை 11 பெயர்கள் சேர்ந்துள்ளன. கனடாவிலோ இலண்டனிலோ ஏறாவூரிலோ இருந்து இதை வாசிக்கும் சகோதரிகள், உங்கள் வாங்கில் இருந்தவளின் பெயரும் வகுப்பும் நினைவிருந்தால் சங்கச் செயலாளருக்கு எழுதுங்கள்.