'1984' எழுதிய ஆர்வெல்: ஜோசியர் அல்ல, முன்னாள் போலீஸ்காரர்

கொச்சியில் வேலை, மட்டாஞ்சேரியில் வாடகை வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கீழ் வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வருகிறாள். மறுநாள் பள்ளியில் குரூப் பிரசன்டேஷன். தலைப்பு, டிஸ்டோபியன் நாவல்கள். குழுவில் ஒருத்திக்கு ஆல்டஸ் ஹக்ஸ்லி, இன்னொருத்திக்கு மார்கரெட் அட்வுட். இவளுக்கு விழுந்தது ஜார்ஜ் ஆர்வெல்.

ஸ்லைடுகளைப் புரட்டினால் முதலில் சிசிடிவி கேமரா, அடுத்து ஸ்மார்ட்போன், அப்புறம் கொட்டை எழுத்தில் ஒரு வரி. இன்றைய உலகத்தை 1949லேயே கணித்த தீர்க்கதரிசியாம். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆர்வெல் பெயரை நெட்டில் தட்டினால் திரும்பத் திரும்ப இதுதானே வருகிறது.

டிஸ்டோபியா என்பது, எல்லாம் ஒழுங்காக நடப்பதாகச் சொல்லிக்கொண்டே மனிதர்களை நசுக்கும் ஒரு கற்பனைச் சமூகம். கற்பனை என்பதாலேயே, எழுதியவர் எதிர்காலத்தை எட்டிப் பார்த்துவிட்டார் என்று நினைத்துவிடுகிறோம். ஆர்வெல் விஷயத்தில் அது தப்பு. அவர் பின்னால் திரும்பிப் பார்த்து எழுதியவர். அவர் பார்த்ததில் கணிசமான பகுதி நம்ம பக்கத்தில் நடந்தது.

பிறந்தது பிகாரில்

இயற்பெயர் எரிக் ஆர்தர் பிளேர். 1903 ஜூன் 25 அன்று பிகாரின் மோதிஹாரியில் பிறந்தார். அப்பா ரிச்சர்ட் பிளேர், பிரிட்டிஷ் இந்திய அரசின் அபினித் துறையில் அதிகாரி. விவசாயிகளைக் கசகசாச் செடி பயிரிட வைத்து, அபினி எடுத்து, சீனாவுக்கு அனுப்புவதுதான் அந்தத் துறையின் பிழைப்பு. கள்ளக்கடத்தல் அல்ல, சட்டப்படி நடந்த அரசாங்க வியாபாரம். ஃபைல் உண்டு, சம்பளம் உண்டு, பென்ஷன் உண்டு. இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

1904ல் அம்மா குழந்தைகளோடு இங்கிலாந்து போய்விட்டார். எரிக், ஸ்காலர்ஷிப்பில் ஈட்டன் பள்ளியில் படித்தார். அங்கே கொஞ்ச காலம் அவருக்கு பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர், பின்னாளில் 'பிரேவ் நியூ வேர்ல்டு' எழுதிய அதே ஹக்ஸ்லி. (இதைக் குழுவில் இருக்கும் அந்த இன்னொரு பெண்ணுக்கும் சொல்லிவிடுங்கள், ஸ்லைடு நிரம்பும்.) கல்லூரிக்குப் போகவில்லை. 1922ல், 19 வயதில், இந்திய இம்பீரியல் போலீஸில் சேர்ந்து பர்மாவுக்குக் கப்பல் ஏறினார்.

வழியில் கப்பல் கொழும்பில் நின்றது. சாமான் இறக்க வந்த கூலித் தொழிலாளி ஒருவர் நீளமான தகரப் பெட்டியைத் தடுமாறித் தூக்க, ஒரு வெள்ளைக்கார போலீஸ்காரர் அவரை எட்டி உதைத்தார். உதைத்ததைவிட ஆர்வெலை உறுத்தியது வேறு. மேல்தளத்தில் நின்ற பயணிகள், சாதாரணக் குடும்பத்துக்காரர்கள், அதைப் பார்த்து ஆமோதித்தார்கள். ஏறக்குறைய இருபது வருஷம் கழித்தும் அதை மறக்காமல் எழுதினார்.

பர்மாவில் ஐந்து வருஷம் அவரும் அதே சீருடையில்தான் இருந்தார். 1931ல் வெளியான ஒரு கட்டுரையில், தூக்குமேடைக்கு நடத்திச் செல்லப்படும் ஒரு கைதியைப் பற்றிச் சொல்கிறார். இன்னும் சில நிமிஷத்தில் சாகப்போகிறவர், வழியில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் கால் படாமல் ஒதுங்கி நடக்கிறார். அவ்வளவுதான் சம்பவம். ஒரு உயிரை எடுப்பது என்றால் என்ன என்று அந்த இடத்தில்தான் உறைக்கிறது. 1927ல் விடுமுறையில் இங்கிலாந்து போனவர் வேலையை ராஜினாமா செய்துவிட்டார்.

அதன்பின் பாரிஸில் ஹோட்டலில் பாத்திரம் கழுவினார், லண்டன் நாடோடிகளோடு சுற்றினார். அந்த அனுபவங்கள் 1933ல் புத்தகமானபோதுதான், இங்கிலாந்தில் ஓடும் ஒரு ஆற்றின் பெயரை எடுத்து ஜார்ஜ் ஆர்வெல் ஆனார். 1936 டிசம்பரில் ஃபிராங்கோவை எதிர்த்துச் சண்டை போட ஸ்பெயினுக்குப் போனார். 1937 மே மாதம் கழுத்தில் குண்டு பாய்ந்தும் பிழைத்தார். அடுத்த மாதமே அவர் சேர்ந்திருந்த இடதுசாரிப் பிரிவு தடை செய்யப்பட்டது. கூட நின்று போராடியவர்கள் துரோகிகள் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. நடக்காத சண்டைகள் நடந்ததாக அச்சில் ஏறின. '1984'-ன் விதை இங்கே விழுந்தது என்று தாராளமாகச் சொல்லலாம்.

லண்டன் ஆபீஸ், இந்திய நேயர்கள்

நம்மைப் போல ஆபீஸ் போகிறவர்கள் நின்று கவனிக்கவேண்டிய பகுதி இது. 1941 ஆகஸ்ட் முதல் 1943 நவம்பர் வரை ஆர்வெல் பிபிசியின் கிழக்குப் பிரிவில் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். இந்தியர்களுக்கான நிகழ்ச்சிகளைத் தயாரிப்பது பொறுப்பு. முல்க் ராஜ் ஆனந்த், கேரளத்துக்காரரான நாராயண மேனன், யாழ்ப்பாணத் தமிழரான கவிஞர் தம்பிமுத்து எல்லாரும் அவருடைய நிகழ்ச்சிகளில் பங்கெடுத்தார்கள். இலக்கியம், கவிதை என்று தரமான நிகழ்ச்சிகள்தான். ஆனால் நோக்கம், போரில் இந்தியர்களை பிரிட்டன் பக்கம் வைத்திருப்பது. ஒவ்வொரு ஸ்கிரிப்டும் தணிக்கையைத் தாண்டித்தான் போகும். 1942 ஆகஸ்டில் காந்தியும் நேருவும் சிறையில் அடைக்கப்பட்டபோதும் இந்திய விடுதலையை ஆதரித்த இந்த மனிதர் அந்த மைக்குப் பின்னால்தான் இருந்தார். மனைவி ஐலீனும் போரின் தொடக்கத்தில் அரசின் தணிக்கைத் துறையில் வேலை செய்தவர்.

இப்போது நாவலுக்கு வாங்க. '1984'-ன் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித், கேமராவுக்குப் பயந்து ஒளிகிற ஒரு அப்பாவி மட்டும் அல்ல. உண்மை அமைச்சகத்தில் வேலை பார்ப்பவன். பழைய பத்திரிகைச் செய்திகளை, கட்சி சொன்னதெல்லாம் சரி என்று தெரியும்படி திருத்தி எழுதுவதுதான் வேலை. அந்த வேலையை அவன் ரசித்துச் செய்கிறான், திறமைசாலியும்கூட. என்னைக் கேட்டால் நாவலில் டெலிஸ்கிரீனைவிடப் பயமுறுத்துவது இதுதான். அபினித் துறை அப்பா, பர்மா போலீஸ், பிபிசி மேசை மூன்றும் தெரிந்தவரால்தான் இப்படி ஒரு நாயகனை உருவாக்க முடிந்திருக்கும்.

'விலங்குப் பண்ணை'யைப் பல பதிப்பகங்கள் மறுத்தன. ஃபேபர் நிறுவனத்தில் இருந்த டி.எஸ். எலியட்டும் மறுத்தார். போரில் கூட்டாளியான ஸ்டாலினைக் கிண்டல் செய்ய யாருக்கும் மனசில்லை. 1945 ஆகஸ்டில் அது ஒருவழியாக வெளிவந்தபோது ஐலீன் உயிரோடு இல்லை. அந்த மார்ச்சில் ஆபரேஷன் மேசையில் இறந்திருந்தார். தத்தெடுத்த குழந்தையோடு ஆர்வெல் ஸ்காட்லாந்தின் ஜூரா தீவுக்குப் போய், காசநோயோடு '1984'-ஐ எழுதினார். கையெழுத்துப் பிரதியைப் படுக்கையில் கிடந்தபடி தானே டைப் அடித்தார். நாவல் 1949 ஜூன் 8 அன்று வெளியானது. 1950 ஜனவரி 21 அன்று லண்டன் மருத்துவமனையில் இறந்தார். வயது 46.

ஒரு கசப்பான தகவலையும் ஸ்லைடில் சேர்க்கச் சொல்லுங்கள். 1949ல் நோய்ப்படுக்கையில் இருந்தபடி, கம்யூனிஸ்ட் அனுதாபிகள் என்று தான் சந்தேகித்த 38 பேரின் பெயர்ப் பட்டியலை பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் ரகசியப் பிரசாரப் பிரிவுக்குக் கொடுத்தவர் ஆர்வெல். அரசுப் பிரசாரத்துக்கு இவர்களை நம்பி அமர்த்தாதீர்கள் என்பதற்காகத்தான் கொடுத்தார் என்று அவருக்காக வாதாடுபவர்கள் உண்டு. இருந்தாலும் '1984' எழுதிய கை அது.

மட்டாஞ்சேரியிலேயே ஒன்று

பிரசன்டேஷன் என்றால் டீச்சர் கட்டாயம் கேட்பார், நம்ம ஊரில் இதற்கு என்ன உதாரணம் என்று. கேமரா படத்தைத் தேடவேண்டாம். கொச்சி துறைமுகத்தில் ஒருகாலத்தில் 'சாப்பா' என்று ஒரு முறை இருந்தது. காலையில் வேலை கேட்டு வரும் தொழிலாளர்கள் கூட்டத்துக்கு நடுவே காண்டிராக்டரின் ஆள் உலோக டோக்கன்களை வீசி எறிவார். அடித்துப் பிடித்து டோக்கனை எடுத்தவருக்கு அன்றைக்குக் கூலி, எடுக்காதவருக்கு இல்லை. இதை எதிர்த்த போராட்டத்தில், 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ராஜீவ் ரவி இயக்கத்தில் நிவின் பாலி நடித்து 2023ல் வந்த 'துறமுகம்' படம் இதைப் பற்றியதுதான்.

ஆர்வெல் இறந்து மூன்று வருஷம் கழித்து நடந்தது அது. ஆனால் டோக்கனை வீசிய அந்தக் கையை, கொழும்புக் கப்பல் தளத்தில் நின்ற 19 வயதுப் பையனுக்குத் தெரிந்திருக்கும். இன்னும் ஒரு சாயங்காலம் மிச்சமிருக்கிறது. அவளுடைய தெருவிலேயே எண்பது வயது தாண்டிய துறைமுகக் குடும்பத்துப் பெரியவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். லேப்டாப்பை மூடிவிட்டுப் போனால் இன்னும் நல்லது.