ஜெபமாலையே அடையாளம்
அர்ச். யோசேவாஸ் முனிவரின் சரித்திரம்



ஆதிக் கிறீஸ்தவர்களுக்குக் கோபுரம் வைத்த கோவில் இல்லை. அர்ச். இராயப்பரும் மற்ற அப்போஸ்தலர்களும் விசுவாசிகளின் வீடுகளிலேதான் அப்பம் பிட்டார்கள். இருப்பவன் இல்லாதவனுக்குப் பகிர்ந்தான். வேதகலாபனை வந்தபோது சபை சிதறியதேயொழிய அழியவில்லை. அது வீடுகளில் வேரூன்றியிருந்தது. இதெல்லாம் எருசலேமிலும் உரோமாபுரியிலும் மட்டும் நடந்த சங்கதி என்று எண்ண வேண்டாம். கடலுக்கு அக்கரையில், நம் மொழி பேசும் யாழ்ப்பாணத்து ஜனங்களிடையிலும் நடந்தது.

எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் ஒல்லாந்தருடைய பழைய கல்லறைகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்த ஒல்லாந்தரே போர்த்துக்கீசரிடமிருந்து 1656-ல் கொழும்பையும் 1658-ல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். கோவில்களைத் தங்கள் சபைக்கு எடுத்துக்கொண்டார்கள். குருக்களுக்கு இடம் கொடுப்பதையும் தடைசெய்தார்கள். ஏறக்குறைய 30 ஆண்டுக் காலம் அங்குள்ள கத்தோலிக்கருக்கு மேய்ப்பன் இல்லை. அக்காலத்தில் பிறந்த எத்தனையோ பிள்ளைகள் ஒரு பூசைகூடக் காணாமல் வளர்ந்து, தாங்களும் பிள்ளை பெற்றார்கள்.

இந்தச் செய்தி கோவாவில் ஒரு குருவின் நெஞ்சைச் சுட்டது. அவர்தான் யோசேவாஸ். 1651-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி பெனோலிம் என்னும் ஊரில் பிறந்தவர். 1676-ல் குருப்பட்டம் பெற்றவர். கன்னட நாட்டில் சில ஆண்டுகள் ஞான வேலை செய்தபின், 1687-ல் தூத்துக்குடிப் பக்கம் வந்து, கூலியாள் வேஷத்தில் கடல் கடந்தார். கூட வந்தவர் அருளப்பன் என்னும் உண்மையுள்ள ஊழியர் ஒருவரே.

யாழ்ப்பாணம் சேர்ந்ததும் வயிற்றுக் கடுப்பு அவரைச் சாவின் வாசல் வரை கொண்டுபோயிற்று. பிழைத்து எழுந்தபின் பெரிய கேள்வி ஒன்று நின்றது. எல்லோரும் பயந்து ஒளிந்திருக்கும் ஊரில் கத்தோலிக்கர் யார் என்று எப்படி அறிவது? வாய்விட்டுக் கேட்டால் காட்டிக்கொடுக்கப்படலாம். ஆகவே ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பிச்சைக்காரனாக வீடு வீடாகப் போனார். அதைக் கண்டு எந்த முகம் மாறுகிறது என்று கவனித்தார். மெல்ல மெல்ல விசுவாசிகள் அவரை இனங்கண்டார்கள். சில்லாலைக் கிராமம் அவருக்கு அடைக்கலம் தந்தது. இராக்காலங்களில் வீடுகளிலே பூசை நடந்தது. வெகுகாலம் காத்திருந்தவர்கள் பாவசங்கீர்த்தனம் செய்து தேவநற்கருணை வாங்கினார்கள்.

இங்கே சற்று நின்று யோசிப்போம். 30 ஆண்டு குருவில்லாத ஊரில், ஜெபமாலையைக் கண்டதும் முகம் மலர்ந்தது எப்படி? வீட்டுக்குள்ளே யாரோ அதை உருட்டிக்கொண்டிருந்ததால் அல்லவா? முனிவர் அங்கே புதிதாக நெருப்பு மூட்டவில்லை. அடுப்புச் சாம்பலுக்குள் காத்துவைத்திருந்த கங்கை ஊதினார். அதைக் காத்தவர்கள் சாதாரணக் குடும்பத்தார்.

1689-ல் கர்த்தர் பிறந்த திருநாளில் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்மேல் ஒல்லாந்தரின் கை பலமாக விழுந்தது. பலர் பிடிபட்டுத் துன்பப்பட்டார்கள். முனிவர் தப்பிப் புத்தளம் போய், 1692-ல் பௌத்த அரசனுடைய கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்தார். போர்த்துக்கீச ஒற்றன் என்று எண்ணி அவரைச் சிறைவைத்தார்கள். பிற்பாடு அவருடைய நடத்தையைக் கண்டு அரசன் விடுதலை கொடுத்தான். 1697-ல் அந்நகரில் பெரியம்மை பரவியது. பெற்ற பிள்ளையையும் விட்டு ஓடிய பயங்கர நேரம். முனிவரும் அவருடைய மருமகனான ஒரு குருவும் ஓடவில்லை. நோயாளிகளுக்குக் குடிசை போட்டு, புண் கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். கிறீஸ்தவன், புறமதத்தான் என்று பார்க்கவில்லை.

தமிழிலும் சிங்களத்திலும் ஜெபமும் உபதேசமும் நடத்தி, இலங்கை முழுவதும் அலைந்து சபையைக் கட்டிய இவர், 1711-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி கண்டியில் மரித்தார். 1995-ல் இரண்டாம் அருள் சின்னப்பர் பாப்பானவர் இவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி பிரான்சிஸ் பாப்பானவர் கொழும்பு நகரிலே இவரை அர்ச்சியசிஷ்டவராகப் பிரகடனம் செய்தார்.

பிரியமானவர்களே, இராயபுரம் முதல் எண்ணூர் வரை நமக்குக் கோவிலுக்குக் குறைவில்லை. படகுத் தொழிலாளிகள் எழுப்பிய அர்ச். இராயப்பர் கோவில் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. மணி அடிக்கிறது, குருக்கள் இருக்கிறார்கள், பூசைக்குப் போனால் பட்டாளம் துரத்துவதில்லை. ஆனால் நாளையே இவையெல்லாம் இல்லாமற்போனால், நம் வீட்டு விசுவாசம் 30 ஆண்டு தாங்குமா? நம் பேரப்பிள்ளை ஜெபமாலையைக் கண்டால் முகம் மலருவானா, அது என்ன என்று கேட்பானா?

அப்பாவுக்குத் துறைமுகத்தில் இரவு ஷிப்டு, மகனுக்கு மணலியில் பகல் ஷிப்டு, பிள்ளைகளுக்குப் போன். உண்மைதான். ஆயினும் எல்லோரும் வீட்டிலிருக்கும் இராத்திரி வாரத்தில் ஒன்றாவது உண்டு. அன்று பத்து நிமிஷம் ஒன்றாய் முழங்காலில் இருப்போம். எதிர்வீட்டில் நோயாய்க் கிடப்பவருக்கும், வடநாட்டிலிருந்து பிழைக்க வந்து ஒரே அறையில் பத்துப் பேராய்த் தங்கியிருப்பவருக்கும் ஒரு பாத்திரம் கஞ்சி கொண்டுபோவோம். ஆதிச்சபை அப்படித்தான் வளர்ந்தது. யாழ்ப்பாணத்துச் சபை அப்படித்தான் பிழைத்தது.

அர்ச். யோசேவாஸ் முனிவரே, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.