கால்கள் செயலிழந்த பிறகு சர்ஜன் ஆனவர்... யார் இந்த டாக்டர் மேரி வர்கீஸ்? வீல்சேரில் வீடு திரும்புபவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

பள்ளிக்கரணையில் வீடு கட்டுபவர்கள் கொத்தனாரிடம் முதலில் பேசுவது பேஸ்மட்டம் எவ்வளவு உயரம் என்பதைத்தான். சதுப்பு நிலத்தை ஒட்டிய ஊர். 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் மூணடி, நாலடி உயர்த்தாமல் விடுவதில்லை. வாசலில் ஐந்தாறு படி வந்துவிடும். தண்ணீர் உள்ளே வராது.

ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை ஒருவர் பைக் விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு, வீல்சேரில் திரும்பி வருகிறார் என்று வையுங்கள். அதே படிகள் அவரை வீட்டுக்குள்ளேயே அடைத்துவிடும்.

உயிரைக் காப்பாற்றி அனுப்பியாச்சு, அதுக்கப்புறம் அவர் எப்படி வாழ்வார்? சுமார் 60 வருஷத்துக்கு முன்பே இந்தக் கேள்வியை மருத்துவமனைக்குள் கொண்டுவந்து பதில் தேடியவர் டாக்டர் மேரி வர்கீஸ். அவரே வீல்சேரில் இருந்தவர்.

யார் இவர்?

1925-ல் கொச்சி பக்கத்தில் உள்ள செராய் கிராமத்தில் பிறந்தவர் மேரி. வசதியான குடும்பம், எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்துவிட்டு, 1946-ல் டாக்டர் படிப்புக்காக வேலூர் சிஎம்சிக்கு வந்தார். சிஎம்சியில் எம்பிபிஎஸ் அப்போது பெண்களுக்கு மட்டும்தான். ஆண்களைச் சேர்த்ததே அதற்கு அடுத்த வருஷம்.

படிப்பை முடித்து, அதே மருத்துவமனையில் மகப்பேறு, மகளிர் நலப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். நல்ல மகப்பேறு டாக்டராக வேண்டும் என்பதுதான் அவர் திட்டம்.

1954 ஜனவரி 30-ல் என்ன நடந்தது?

அன்று இளம் டாக்டர்கள் சிலர் சேர்ந்து வண்டியில் பிக்னிக் கிளம்பினார்கள். வழியில் ஒரு பஸ்ஸை முந்தப் போனபோது வண்டி கட்டுப்பாட்டை இழந்து உருண்டது. மேரிக்கு முகத்தில் பலத்த காயம். அந்தத் தழும்பு கடைசி வரை கன்னத்தில் இருந்தது. அதைவிடப் பெரிய அடி முதுகுத்தண்டில். இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை.

அப்போது அவருக்கு வயது 28. மகப்பேறு டாக்டர் என்றால் மணிக்கணக்கில் நிற்க வேண்டும், ராத்திரி பகல் பாராமல் ஓட வேண்டும். அந்தக் கதவு அன்றோடு மூடிவிட்டது.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்கணும். அந்தக் காலத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் பலர் விபத்தில் சாகவில்லை. அதற்குப் பிறகு வந்த படுக்கைப் புண்ணிலும், சிறுநீரகத் தொற்றிலும்தான் இறந்தார்கள். மேரி டாக்டர், படுத்திருந்ததோ தான் படித்த மருத்துவமனையிலேயே. அந்த வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

கையைக் காட்டிய பால் பிராண்ட்

அந்த நேரத்தில் சிஎம்சியில் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணராக இருந்தவர் டாக்டர் பால் பிராண்ட். இவர் கதையில் நம்ம புறநகருக்கும் ஒரு இடம் உண்டு. தாம்பரத்திலிருந்து ஜிஎஸ்டி ரோட்டில் நேராகப் போனால் வரும் செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு 1947-ல் அவர் போனார். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஒருவரின் கையைப் பிடித்தவர், திருப்பிப் பிடித்த அந்தப் பிடியின் பலத்தைப் பார்த்து அசந்துபோனார். கை முழுசாகச் செத்துப்போகவில்லை, சில தசைகள் நன்றாகவே வேலை செய்கின்றன என்று புரிந்தது. வேலை செய்யும் தசைநாரை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சையை வேலூரில் வளர்த்தெடுத்தார்.

மேரியையும் அவர் அதே கண்ணோடுதான் பார்த்தார். போனது எது என்று கணக்கு எடுக்கவில்லை, மிச்சம் இருப்பது எது என்று பார்த்தார். மேரியின் இரண்டு கைகளும் நன்றாக இருந்தன. கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துதான் செய்வார்கள். அப்புறம் வீல்சேர் எப்படித் தடையாகும்?

மேரி வீல்சேரில் உட்கார்ந்தபடியே ஆபரேஷன் தியேட்டருக்குள் போனார். தொழுநோயால் விரல் மடங்கியவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றார், செய்தார். விபத்துக்கு முன்பு அவர் சர்ஜன் இல்லை. கால்கள் போன பிறகுதான் சர்ஜன் ஆனார்.

வார்டில் இன்னொன்றும் நடந்தது. இனி நம்மால் ஒன்றும் ஆகாது என்று படுத்திருந்தவர்கள், வீல்சேரைத் தள்ளிக்கொண்டு ரவுண்ட்ஸ் வரும் டாக்டரைப் பார்த்தார்கள். எந்த மருந்துச் சீட்டிலும் எழுத முடியாத சிகிச்சை அது.

பெர்த், நியூயார்க், மறுபடி வேலூர்

அடுத்தவர் உதவி இல்லாமல் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் பயிற்சி மேரிக்குக் கிடைத்தது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, உடை மாற்றுவது, குளிப்பது எல்லாமே கற்றுக்கொள்ளக்கூடிய பாடங்கள் என்பதை அங்கே அனுபவத்தில் பார்த்தார். அடுத்து நியூயார்க். இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட வீரர்களுக்கு மறுவாழ்வு சிகிச்சை கொடுத்துப் பெயர் பெற்ற டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் அந்தத் துறையையே படித்தார்.

அங்கேயே இருந்திருக்கலாம். லிஃப்ட், சாய்தளம் எல்லாம் இருந்த ஊர். ஆனால் வேலூருக்குத் திரும்பினார். 1963-ல் சிஎம்சியின் உடலியல் மருத்துவம், மறுவாழ்வுத் துறைக்குத் தலைவரானார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. நோயாளிகள் தங்கி மறுவாழ்வுப் பயிற்சி பெறும் வசதியில் இந்தியாவுக்கே முன்னோடி அதுதான். 1972-ல் பத்மஸ்ரீ. 1976 வரை அந்த நிலையத்தை நடத்தினார். 1986-ல் காலமானார். மாற்றுத்திறனாளிகளுக்கென்று இந்தியாவில் முதல் தனிச் சட்டம் வந்ததே அதற்கு 9 வருஷம் கழித்து, 1995-ல்தான்.

மறுவாழ்வு சிகிச்சைன்னா என்ன?

பலர் இதை பிசியோதெரபி என்று மட்டும் நினைக்கிறார்கள். அது ஒரு பகுதிதான்.

உணர்வு இல்லாத இடத்தில் ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் ரத்த ஓட்டம் நின்று தோல் அழுகும். வலிக்காது, அதனால் தெரியவும் தெரியாது. படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். வீல்சேரில் இருக்கும்போது அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். சிறுநீரை நேரம் பார்த்து ட்யூப் வைத்து வெளியேற்றக் கற்க வேண்டும், இல்லாவிட்டால் தொற்று கிட்னி வரை போகும். இதையெல்லாம் நோயாளி மட்டுமல்ல, கூட இருக்கும் அம்மாவோ மனைவியோ தம்பியோ கற்றுக்கொள்ள வேண்டும். அதன் பிறகு வேலை, வருமானம், வீட்டின் அமைப்பு.

பாகாயத்தில் சிகிச்சை முடித்துப் போனவர்களை அப்படியே விட்டுவிடுவதும் இல்லை. பழைய நோயாளிகள் எல்லோரும் கூடும் ரீஹேப் மேளா என்ற சந்திப்பு அங்கே நடக்கிறது. உடல் பரிசோதனையும் உண்டு, விளையாட்டுப் போட்டியும் உண்டு.

சென்னைக்குள் என்ன இருக்கு?

இதற்காக வேலூர் வரை போயே ஆகணும் என்றில்லை. கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ளது.

முதலில் எடுக்க வேண்டியது யுடிஐடி எனும் தேசிய அடையாள அட்டை. 2016 சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருந்தால்தான் பல சலுகைகள் கிடைக்கும். தமிழக அரசின் மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் 2,000 ரூபாய். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், முதுகுத்தண்டு பாதிப்பு உள்ளவர்கள் உட்பட சில பிரிவினருக்கு இது உண்டு. பேட்டரி வீல்சேர், கூடுதல் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஆகியவற்றுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் துணைக்கு வருபவருக்கும் சேர்த்து டிக்கெட் கிடையாது. பஸ்ஸில் வீல்சேரோடு ஏற முடியுமா என்பது வேறு விஷயம். அதற்குத் தாழ்தளப் பேருந்து வர வேண்டும்.

அதற்கெல்லாம் முன்னால் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டுமே. சாய்தளத்துக்குப் பொதுவான கணக்கு, ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். மூணடி பேஸ்மட்டம் என்றால் 36 அடி. அரை கிரவுண்டு மனையின் மொத்த நீளமே பெரும்பாலும் 40 அடிதான். அதனால் நேராகப் போட முடியாது, பக்கவாட்டுச் சுவரை ஒட்டி எல் வடிவில் திருப்பி, திரும்பும் இடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விட வேண்டும். பாத்ரூம் கதவு பல வீடுகளில் இரண்டரை அடிதான், வீல்சேர் திரும்பி நுழைய மூணடியாவது வேணும். இரண்டையும் பிளான் போடும்போதே கொத்தனாரிடம் சொல்லிவிட்டால் பின்னாடி இடிக்க வேண்டிய வேலை இருக்காது.