கைப்பந்து வீரர் ஜிம்மி ஜார்ஜ்

திருவனந்தபுரம் வெள்ளயம்பலம் வழியாகப் பேருந்தில் செல்வோர் கண்ணில், ஓர் உள்விளையாட்டரங்கின் பெயர்ப்பலகை தவறாமற் படும். ஜிம்மி ஜார்ஜ் என்னும் பெயர் அதில் எழுதப்பட்டிருக்கும். சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் என் பேரனுடன் அவ்வழியே சென்றபோது, அப்பெயருக்கு உரியவர் யார் என்று அவன் வினவினான். அவர் ஒரு கைப்பந்து வீரர் என்று ஒரு வரியில் விடை கூறிவிட்டு வாளாவிருந்தேன். அவ்விடை எனக்கே மனநிறைவு தரவில்லை. நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு செயலாளர் பணித்தபோது, பேரனுக்கு அன்று கூறாமல் விட்டதை ஈண்டு எழுதலாம் என்று துணிந்தேன். சாலைக் கம்போளத்தில் மூட்டைகளுக்கிடையே வாழ்நாளைக் கழித்த ஒரு வணிகனின் எழுத்து இது. குறை காணின் அன்பர்கள் பொறுத்தருள்க.

பிறப்பும் இளமையும்

ஜிம்மி ஜார்ஜ் 1955ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8ஆம் நாள் பேராவூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அது கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அவர் பிறந்த நாளிலோ அது சென்னை இராச்சியத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மலபார் கேரளத்தோடு இணைந்தது. அதே நாளில் நம் முன்னோர் பிறந்த நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் தொடர்பு நீங்கிச் சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தது. ஆகவே, எல்லைக் கோடு மாறியதால் ஊரின் முகவரி மாறிய அனுபவம் சாலைத் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. மேலும், பேராவூரைச் சூழ்ந்த மலைப்பகுதி, திருவிதாங்கூரிலிருந்து சென்ற உழவர் பலர் காடு திருத்திக் குடியேறிய பகுதியாகும். பிழைப்பைத் தேடி ஊர் பெயர்ந்தவர்களின் உழைப்பால் வளர்ந்த மண் அது.

அவருடைய தந்தையார் ஜார்ஜ் ஜோசப் தம் மாணவப் பருவத்தில் பல்கலைக்கழக அளவில் கைப்பந்து ஆடியவர். ஆட்டத்தின் முதற்பாடத்தை மைந்தர் தந்தையிடமே கற்றார். அக்குடும்பத்தில் ஆண்மக்கள் எண்மர். சகோதரர்களைக் கொண்டே ஓர் அணியை அமைத்து ஆடிய பெருமை அவ்வீட்டுக்கு உண்டு. அவர்களுள் ஜோஸ் ஜார்ஜும் பின்னாளில் இந்தியாவுக்காக ஆடினார்; உயர்ந்த போலீஸ் அதிகாரியாகவும் விளங்கினார்.

கைப்பந்தாட்டம் 1895இல் அமெரிக்க நாட்டின் ஹோலியோக் நகரத்தில், வில்லியம் மார்கன் என்பவரால் வகுக்கப்பட்டது. ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் உடற்பயிற்சி ஆசிரியர்களால் அது நம் நாட்டிற்கு வந்து சேர்ந்தது. 1920இல் சென்னையில் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரி இவ்வகையில் பெருந்தொண்டு ஆற்றியது. இரண்டு கம்பங்களும் ஒரு வலையும் ஒரு பந்தும் இருந்தால் போதும். அறுவடையான வயலும் ஆடுகளமாகிவிடும். செலவு குறைந்த ஆட்டமாதலின் அது மலபார்ச் சிற்றூர்களில் வேரூன்றிற்று. மாலையில் ஊர் கூடி ஆடும் அந்தச் சூழலிலேயே ஜிம்மி வளர்ந்தார்.

பல்கலைக்கழகமும் போலீஸ் அணியும்

1971ஆம் ஆண்டில், பதினாறே வயதில், அவர் கேரள மாநில அணியில் இடம் பெற்றார். மீசை அரும்பும் பருவத்தில், தம்மினும் பத்து வயது மூத்தவர்களுக்கு எதிரே வலையோரம் நிற்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. பின்னர்க் கோழிக்கோட்டைச் சேர்ந்த தேவகிரிக் கல்லூரியிலும், பாலாவிலுள்ள புனித தாமஸ் கல்லூரியிலும் பயின்றார். அக்காலத்தில் கேரளப் பல்கலைக்கழக அணி, அனைத்திந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகளில் 1973 முதல் 1976 வரை தொடர்ந்து வாகை சூடியது. அவ்வெற்றிகளில் அவர்க்குப் பெரும்பங்கு உண்டு. 1976இல் அணித் தலைவரும் அவரே.

அந்த 1976ஆம் ஆண்டு அவர் வாழ்வில் பொன்னாண்டு எனலாம். அவ்வாண்டிலேயே கேரளப் போலீசில் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே, இருபத்தொரு வயதில், அர்ஜுனா விருதும் பெற்றார். 1961இல் அவ்விருது தொடங்கியபோது கைப்பந்துக்காக அதனை முதலிற் பெற்றவர் ஏ. பழனிசாமி ஆவார். அந்த வரிசையில், அத்துணை இளம் வயதில், ஜிம்மிக்கு முன் எவரும் இடம் பெற்றதில்லை.

சாலை நண்பர்களின் நினைவு

நிற்க. அவரை நேரிற் கண்டவர்களின் நினைவை எழுதாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1970களின் பிற்பகுதியில் இந்நகரில் கைப்பந்துப் போட்டி நடக்கிறதென்றால், சாலைத் தெருவில் கடைகள் சற்று முன்னரே அடைக்கப்படும். கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, எங்களில் பத்துப் பன்னிருவர் கிழக்கேக் கோட்டையிலிருந்து நடக்கத் தொடங்குவோம். ஆயுர்வேதக் கல்லூரியையும் தலைமைச் செயலகத்தையும் கடந்து, பாளையத்துப் போலீஸ் மைதானத்தை அடையும்போது விளக்குகள் ஏற்றப்பட்டிருக்கும். கமுக மரங்களைக் கட்டி எழுப்பிய தற்காலிக இருக்கைகளில் நெருக்கியடித்துக்கொண்டு அமர்வோம். நம்மவர் சிலர்க்கு மலையாளம் அப்போது சரளமாக வராது. ஆயினும் ஆட்டம் பார்ப்பதற்கு மொழி எதற்கு?

ஆடவர் கைப்பந்தில் வலையின் உயரம் 2.43 மீட்டர். சராசரி மனிதன் நின்றபடி கையை நீட்டினாலும் அதன் விளிம்பை எட்டுதல் அரிது. பந்தை எழுப்பிக் கொடுப்பவர் அதனை வலைக்கு மேலே விட, ஜிம்மி பின்னிருந்து மூன்று நான்கு அடி எடுத்து வைத்து எழுவார். அவரைத் தடுக்க வலையின் அப்புறத்தில் இருவர் அதே கணத்தில் எழுவர். அவ்விருவரும் இறங்கத் தொடங்குகையில் அவர் இன்னும் வானிலேயே இருப்பார். அதன் பிறகே கை வீசப்படும். காண்போர் மூச்சை அடக்கிக்கொள்ளும் அந்த ஒரு நொடியைப் பற்றித்தான் இன்றும் எங்களுக்குள் பேச்சு. பந்து தரையில் மோதும் ஒலி, மளிகைக் கடையில் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கும் ஒலி போன்றது என்பார் ஒரு நண்பர். அவர் எழுந்த உயரம் எவ்வளவு என்பதில் முதியவர்களான எங்களிடையே இன்றளவும் ஒருமைப்பாடு ஏற்படவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வுயரமும் வளர்ந்துகொண்டே போகிறது என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

அன்றைய ஆட்ட முறை வேறு. முதலில் பந்தை அடித்துத் தொடங்கும் உரிமை உள்ள அணிக்கே புள்ளி கிடைக்கும்; மற்ற அணி வென்றால் அவ்வுரிமை மட்டும் கைமாறும். ஆகவே ஒரு புள்ளியும் சேராமல் பல நிமிடங்கள் ஆட்டம் நீளும். 1990களின் இறுதியில்தான் அம்முறை மாறியது. அவ்வாறு நீண்ட போராட்டத்தில் களைத்துச் சோர்ந்தவர்களுக்கிடையே, கடைசிப் பந்துக்கும் முதற்பந்துக்கு எழுந்த உயரத்திலேயே எழுவது பெரிய செயலாகும். வெறும் உடல் வலிமை அதற்குப் போதாது. பல்லாண்டுப் பயிற்சியின் பயன் அது.

கடல் கடந்த வாழ்வு

1974இல் டெஹ்ரானிலும் 1978இல் பாங்காக்கிலும் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாக்களில் அவர் இந்திய அணியில் ஆடினார். 1979இல் அபுதாபி நகரின் விளையாட்டுக் கழகம் அவரை அழைத்தது. 1982 வரை அங்கே ஆடி, வளைகுடா நாடுகளின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பெயரெடுத்தார். பின்னர் இத்தாலி நாடு சென்று, கைப்பந்தையே தொழிலாகக் கொண்டு ஆடினார். இந்தியர் ஒருவர் அவ்வாறு கைப்பந்தைத் தொழிலாகக் கொண்டது அதுவே முதல் முறை. உலகின் தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஊதியம் பெற்று ஆடிய நாடு இத்தாலி. அங்கே, மொழி அறியாத ஊரில், தம் கைத்திறனை மட்டும் நம்பிச் சென்று நிலைத்தார் அவர்.

இதனை எண்ணும்போது எனக்கு என் தந்தையாரின் நினைவு வருகிறது. அவர் நாகர்கோவிலிலிருந்து ஒரு துணிப்பையுடன் இச்சாலைக்கு வந்து, மற்றொருவர் கடையில் எடை போடும் வேலையில் அமர்ந்தவர். அயலூரில் ஒருவனை ஊரார் மதிப்பது அவன் பிறப்பை நோக்கியன்று, வேலையை நோக்கியே என்பதை அவர் அடிக்கடி உணர்த்துவார். பேராவூரார் இத்தாலியில் உணர்ந்ததும் இதுவாகவே இருந்திருக்கும்.

சியோல் நகரில்

வெளிநாட்டில் புகழும் பொருளும் கிடைத்த பின்னும் அவர் தாய்நாட்டு அணியை மறந்தாரல்லர். 1985இல் சவூதி அரேபியாவிலும், 1986இல் ஐதராபாத்தில் நிகழ்ந்த பன்னாட்டுப் போட்டியிலும் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். அவ்வாண்டு சியோல் நகரில் ஆசிய விளையாட்டு விழா நடந்தது. சிரில் வள்ளூர், உதயகுமார் முதலிய கேரள வீரர்களும் அவ்வணியில் இருந்தனர். 1972ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜப்பானைத் தோற்கடித்து, இந்தியா வெண்கலப் பதக்கம் பெற்றது. 1958இல் வெண்கலமும் 1962இல் வெள்ளியும் வென்ற நம் நாடு, அதற்குப்பின் இருபத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற பதக்கம் அது. இக்கட்டுரை எழுதப்படும் நாள்வரை, ஆசிய விளையாட்டு விழாவின் ஆடவர் கைப்பந்தில் நாம் மறுபடியும் பதக்கம் பெறவில்லை.

மறைவு

1987ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் இத்தாலியில் நிகழ்ந்த கார் விபத்தில் அவர் உயிர் நீத்தார். வயது முப்பத்திரண்டுதான். மனைவியார் அப்போது கருவுற்றிருந்தார். தந்தை முகம் காணாத மைந்தன் பின்னரே பிறந்தான். செய்தி வந்த நாளன்று சாலைத் தெருவில், பந்தையே தொட்டறியாத சுமைத் தொழிலாளர்கள்கூட நாளிதழைச் சூழ்ந்து நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை.

இந்நகரத்து உள்விளையாட்டரங்கு அவர் பெயர் தாங்கி நிற்கிறது. இத்தாலியில் பிரெசியா நகரத்தை அடுத்த மோந்திகியாரி என்னும் ஊரின் விளையாட்டரங்கும் அவர் பெயரையே தாங்குகிறது. பிழைக்க வந்த அயலவன் ஒருவனுக்கு, வந்த ஊரார் தம் அரங்கையே பெயரிட்டு அளித்தனர் என்றால், அவன் அங்கே எவ்வாறு உழைத்திருக்க வேண்டும்! அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளை ஒன்று, கேரளத்தின் சிறந்த விளையாட்டு வீரர்க்கு 1989 முதல் பரிசு வழங்கி வருகிறது. தம்பியருள் ஒருவரான ராபர்ட் பாபி ஜார்ஜ், தம் மனைவியார் அஞ்சுவுக்குப் பயிற்சியாளராக இருந்தார். அந்த அம்மையார் 2003இல் பாரிஸ் நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் நீளம் தாண்டுதலில் வெண்கலம் வென்றார்.

நமக்குரிய பாடம்

அந்த 2003ஆம் ஆண்டைப் பற்றி ஒரு சொல் கூறி முடிக்கிறேன். அப்போது என் மகன் பத்தாம் வகுப்பு மாணவன். உயரமானவன், பள்ளிக் கைப்பந்து அணியில் ஆடி வந்தான். தேர்வு நெருங்குகிறது என்று கூறி, அவனுடைய காலணிகளையும் பந்தையும் எடுத்துப் பரண்மேல் வைத்தவன் நான். அவன் எதிர்த்துப் பேசவில்லை. தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றான். இன்று கடையில் என் இடத்தில் அமர்ந்து நேர்மையாக வாணிகம் செய்கிறான். ஆயினும் பந்து பரணிலிருந்து இறங்கவில்லை. இளமையில் கமுக மர இருக்கையில் அமர்ந்து ஜிம்மியைப் பார்த்துக் கை தட்டியவன், சொந்த மகன் எழும்ப முயன்றபோது தடுத்தவன் ஆனேன். என் மகன் பெரிய வீரன் ஆகியிருப்பான் என்று நான் கூறவில்லை. அதனை அறிந்துகொள்ளும் வாய்ப்பு அவனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

அயலூரில் காலூன்றிய குடும்பங்களுக்கு ஓர் அச்சம் இயல்பாகவே உண்டு. படிப்பும் கடையும் தவறிப்போனால் தாங்குவதற்கு ஊரில் நிலபுலம் இல்லையே என்னும் அச்சம் அது. அதனை நான் குறை கூறேன். ஆனால், பேராவூரில் ஒரு தந்தை, கல்லூரியையும் ஆட்டத்தையும் ஒன்றுக்கொன்று பகையாகக் கருதாமல் பிள்ளைகளை வளர்த்தார். அவருடைய மக்களுள் ஒருவர் உயர்ந்த அதிகாரியானார். ஒருவர் உலகறிந்த வீரரானார். இரண்டும் ஒரே முற்றத்திலிருந்து புறப்பட்டவை.

நம் காலனியில் சங்கக் கட்டடத்தின் பின்புறம் சிறிது வெற்றிடம் உள்ளது. அதில் இரண்டு கம்பங்களும் ஒரு வலையும் அமைக்கும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று நிர்வாகக் குழுவுக்குத் தெரிவித்துள்ளேன். பரணிலிருக்கும் பந்து இனிப் பயன்படாது; புதிது வாங்க வேண்டும். மாலையில் அங்கு முதலில் ஆட வருபவன் என் பேரனாக இருப்பான். அவன் தந்தையும் உடன் வருவதாகக் கூறியிருக்கிறான்.

வாழ்க ஜிம்மி ஜார்ஜின் புகழ்!