கடலிற் கற்ற மொழி

மொழி ஏட்டில் மட்டும் வாழ்வதன்று. மக்கள் கூடி வாழும் இடமெல்லாம் வாழ்வது. ஒருவன் யாருடன் பழகுகின்றானோ, எதன்பொருட்டுப் பேசுகின்றானோ, அதற்கேற்பவே அவன் நாவில் மொழி அமைகின்றது. இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்குபவர் ஆங்கில நாவலாசிரியர் ஜோசப் கான்ராடு.

கான்ராடு பிறப்பால் ஆங்கிலேயர் அல்லர், போலந்து இனத்தவர். இன்று உக்ரைன் நாட்டிலுள்ள பெர்டிச்சீவ் என்னும் ஊரில் 1857ஆம் ஆண்டு பிறந்தார். அந்நாளில் அவ்வூர் உருசியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. தந்தையார் கவிஞர், ஷேக்ஸ்பியரைப் போலிய மொழியிற் பெயர்த்தவர். நாட்டு விடுதலைக்கு உழைத்தமையால் அவர் 1862இல் மனைவியுடனும் மகனுடனும் வட உருசியாவிற்கு நாடு கடத்தப்பட்டார். அயலாரிடையே வாழ்ந்த அக்குடும்பத்திற்குத் தாய்மொழியே தாயகமாயிற்று. பதினொரு வயதிற்குள் பெற்றோர் இருவரையும் இழந்த சிறுவனைத் தாய்மாமன் பேணி வளர்த்தார்.

கடல்மேற் காதல் கொண்ட கான்ராடு 1874இல் பிரான்சு நாட்டின் மார்சேல்ஸ் துறைமுகம் சென்று கப்பற்பணியில் சேர்ந்தார். இளமையிற் பயின்ற பிரெஞ்சு மொழி ஆங்குக் கைகொடுத்தது. 1878இல் ஆங்கிலக் கப்பல் ஒன்றிற் பணி ஏற்று, இங்கிலாந்தின் லோஸ்டாப்டு துறையில் இறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது இருபது. அறிந்த ஆங்கிலச் சொற்களோ மிகச் சிலவே.

பின்னர் நியூகாசில் நகரிலிருந்து நிலக்கரி ஏற்றிவரும் சிறு கப்பலில் அமர்ந்தார். அக்கப்பலே அவருக்குப் பள்ளி, மாலுமிகளே ஆசிரியர். பாயை இறக்குக என்னும் கட்டளையைப் பிறழ உணரின் உயிருக்கே இடர் நேரும். ஆதலின் செவியும் கையும் ஒருங்கே மொழியைக் கற்றன. மாலுமிகளின் பேச்சோடு அவர் நின்றாரல்லர். தாம் சென்ற கப்பல் பழுதுபார்க்கப்பட்ட நாட்களில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஆங்கிலத்திலேயே படித்தார். தேர்வாளர்முன் ஆங்கிலத்தில் விடையளித்து, முதன்முறை தவறியும் மனம் தளராது, 1886இல் கப்பல் தலைவருக்குரிய சான்றிதழ் பெற்றார்.

1884இல் கான்ராடு நம் சென்னையிலும் வந்திறங்கினார். இங்கிருந்து பம்பாய் சென்று 'நார்சிசஸ்' என்னும் கப்பலிற் சேர்ந்தார். அதன் மாலுமிகளின் வாழ்வும் பேச்சும் 1897இல் அவர் வெளியிட்ட நாவலுக்குப் பொருளாயின. அவர்தம் முதல் நாவல் அச்சேறியது 1895இல் ஆகும்.

தாய்மாமனுக்குப் போலிய மொழியிலும், உறவினர் சிலருக்குப் பிரெஞ்சு மொழியிலும் கடிதம் எழுதிய கான்ராடு, நூல்களை ஆங்கிலத்தில் இயற்றினார். ஒவ்வொரு மொழிக்கும் அவர் வாழ்வில் உரிய இடம் இருந்தது. எனினும், அவர்தம் ஆங்கில உச்சரிப்பு இறுதிவரை அயலார் உச்சரிப்பாகவே ஒலித்தது. அக்குறை அவரைப் பேசாதிருக்கச் செய்யவில்லை. எழுத்தின் பெருமையையும் குறைக்கவில்லை. 1914இல் மனைவி மக்களுடன் போலந்து மண்ணிற்குச் சென்றபொழுது, தாய்மொழி அவர் நாவில் வாடாதிருந்தது. கான்ராடு 1924இல் இங்கிலாந்தில் மறைந்தார்.

பிறமொழி கற்க விழைவோர் பிழைக்கு அஞ்சி வாய்மூடி இருத்தல் ஆகாது. பழகுதலும் படித்தலும் மொழிக்கு இரு கண்கள். புதுமொழியைப் போற்றுதற்குத் தாய்மொழியைத் துறத்தல் வேண்டுவதன்று. கான்ராடின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது இதுவே.